எந்த மண் எதைப் பிடிக்கும்?



மண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் புதிதாக ஒன்று கேட்கிறார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்தோடு சேர்த்து, "இதுல ஈயம் எவ்வளவு இருக்கு? காட்மியம் கெடக்கா?" என்கிறார்கள். பேப்பர் படித்த பலன். கேட்பது நல்லதுதான். ஆனால் பதிலுக்கு ஒரு எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் அவருக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேரும். ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் ஈயம் என்று தெரிந்தால் போதாது. அந்த ஈயத்தை மண்ணில் எது பிடித்திருக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, எப்போது விடும் என்பதும் தெரிய வேண்டும். நான் பேச வந்தது இந்தப் பிடியைப் பற்றி.

உலோகத்தை மண் பிடித்துக்கொள்ளும் என்பது விவசாயிக்குத் தெரியாத சங்கதி அல்ல. நெல் நடும்போது ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். துத்தநாகமும் கன உலோகம்தான். போட்டதில் பயிருக்குப் போவது சொற்பம். மீதியை மண் எடுத்து வைத்துக்கொள்கிறது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இது இன்னும் மோசம். உரம் போட்ட வயலிலேயே இலையில் துருப்புள்ளி விழும். அப்போது மண்ணைத் திட்டுகிறோம். அதே மண் ஈயத்தையும் அதே வேதியியலால் பிடித்து வைத்திருக்கிறது. அதற்காக யாரும் மண்ணுக்கு நன்றி சொல்லிக் கேட்டதில்லை.

நம்முடைய பாக்கியம், இதைப் படிக்க வெளியூர் போக வேண்டாம். பொதிகையில் புறப்பட்டுப் புன்னைக்காயலில் கடலில் விழும் தாமிரபரணியின் மொத்த நீளம் 130 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குள், அதன் இரு பக்கத்திலும், வெப்ப மண்டல மண் வகைகளில் முக்கியமான நாலு இருக்கின்றன. அம்பாசமுத்திரத்தில் வண்டல். தென்காசி, நாங்குநேரிப் பக்கம் செவல். வடக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டியில் கரிசல். கிழக்கே சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் தேரி. காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் நாலையும் மிதித்துவிட்டு வந்துவிடலாம்.

பொதிகைப் பாறை பெரும்பாலும் சார்னகைட், நைஸ் வகை. இதன்மேல் வெயிலும் மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் மாறி மாறி வேலை செய்தால், முதலில் சோடியம், கால்சியம், மக்னீசியம் கரைந்து போகும். பிறகு சிலிக்காவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போக மாட்டேன் என்று நிற்பவை இரும்பும் அலுமினியமும். அவை ஆக்சைடாக மாறித் தங்கிவிடுகின்றன. கூடவே கயோலினைட் என்ற எளிய களிமண் கனிமம் மிஞ்சுகிறது. இந்தப் போக்கு கடைசிவரை போனால் வருவதுதான் லேட்டரைட். மலைக்கு அந்தப் பக்கம், மலபாரில் அங்காடிபுரத்தில் பார்த்த கல்லுக்குப் பிரான்சிஸ் புக்கானன் 1807-ல் வெளிவந்த தன் பயண நூலில் வைத்த பெயர் அது. அங்கே ஈரமாக இருக்கும்போது வெட்டி, வெயிலில் காயவைத்து வீடு கட்டினார்கள். நமக்கு மழை அவ்வளவு இல்லை. எனவே நம் செவல் பாதி வழியில் நிற்கிற மண்.

கரிசல் வேறு கதை. மழை குறைவு, வடிகால் மட்டு. கரைந்த சிலிக்காவும் மக்னீசியமும் கால்சியமும் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கி ஸ்மெக்டைட் என்ற களிமண்ணாகச் சேர்ந்துகொள்கின்றன. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிறதும், மழையில் செருப்பை வாங்கிக்கொண்டு திருப்பித் தராததும் அந்தக் கனிமத்தின் குணம்தான். ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் உட்பரப்பையும் வெளிப்பரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 700, 800 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் கிட்டத்தட்ட 18 சென்ட் நிலம். ஒரு கிராமுக்குள்!

இனிப் பிடிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 1850-ல் இங்கிலாந்தில் ஜான் தாமஸ் வே என்ற வேதியியலர், மண் நிரப்பிய குழாயில் அம்மோனிய உப்புக் கரைசலை ஊற்றினார். கீழே வடிந்ததில் அம்மோனியா இல்லை. அதற்குப் பதிலாகக் கால்சியம் வந்தது. மண் வெறும் சல்லடை அல்ல, கொடுக்கல் வாங்கல் செய்கிறது என்பது அப்போது தெரிந்தது. காரணம் மின்சுமை. களிமண்ணின் பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. உலோக அயனிகள் நேர்மின்சுமை உள்ளவை. ஒன்று மற்றதை இழுக்கிறது.

இந்த மின்சுமை இரண்டு வகை. ஸ்மெக்டைட்டின் படிகத்துக்குள்ளேயே அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும். கணக்கு இடித்து எதிர்மின்சுமை மிஞ்சும். இது நிரந்தரம், தண்ணீர் புளித்தாலும் உவர்த்தாலும் மாறாது. செவல் மண்ணின் இரும்பு ஆக்சைடுக்கு அப்படி நிரந்தரச் சுமை கிடையாது. தண்ணீரின் பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு, எப்படியோ அப்படி அதன் சுமை மாறும். பி.எச். 8-ஐ ஒட்டிய ஒரு புள்ளியில் அதன் சுமை பூச்சியம். அதற்குக் கீழே போனால் நேர்மின்சுமை, மேலே போனால் எதிர்மின்சுமை. நம் செவல் நிலங்கள் பல 6, 6.5 என்று நிற்பவை. அதாவது அந்த மண்ணின் இரும்பு, உலோக அயனியைப் போலவே தானும் நேர்மின்சுமையோடுதான் நிற்கிறது. விலக்கித் தள்ள வேண்டும் அல்லவா? குளிர்நாட்டு மண்ணை வைத்து எழுதிய பாடப்புத்தகத்தை நம்பினால் செவல் மண் ஈயத்தைப் பிடிக்கவே கூடாது. அயனி மாற்றுத் திறன் என்று ஓர் அளவு இருக்கிறது. ஸ்மெக்டைட்டுக்குக் கிலோவுக்கு 80 முதல் 120 சென்டிமோல் வரை, கயோலினைட்டுக்கு வெறும் 3 முதல் 15 வரை. எண்ணைப் பார்த்தால் செவல் மண் தோற்றுவிட்டது.

ஆனால் ஈயக் கரைசலைச் செவல் மண்ணில் குலுக்கிப் பாருங்கள், ஈயம் மண்ணுக்குப் போய்விடும். ஏனென்றால் பிடிப்பிலேயே இரண்டு தினுசு உண்டு. டவுன் பஸ்ஸில் படியில் தொங்குகிறவரும் உண்டு, சன்னலோரச் சீட்டில் உட்கார்ந்துவிட்டவரும் உண்டு. ஜங்ஷனில் கூட்டம் ஏறினால் படியில் நிற்பவர் இறங்கி வழிவிட வேண்டியதுதான். சீட்டுக்காரர் அசைய மாட்டார். மின்சுமை இழுப்பால் மட்டும் ஒட்டியிருக்கும் உலோகம், தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை விடாமலே பரப்புக்கு அருகில் நிற்கிறது. பொட்டாஷ் உரமோ உப்புத் தண்ணீரோ வந்தால் அது இறங்கிவிடும். இரண்டாவது தினுசில், உலோகம் நீரை உதறிவிட்டு இரும்பு ஆக்சைடின் ஆக்சிஜனோடு நேரே பிணைந்துகொள்கிறது. மின்சுமை எதிர்த்தாலும் இந்தப் பிணைப்பு ஏற்பட்டுவிடும்.

எல்லா உலோகத்துக்கும் இந்தச் சீட்டு கிடைப்பதில்லை. ஈயத்துக்கும் செம்புக்கும் எளிதில் கிடைக்கும், துத்தநாகத்துக்குச் சிரமம், காட்மியத்துக்கு அதைவிடச் சிரமம். ஈயம் பி.எச். 4, 5 என்ற அளவிலேயே இரும்பு ஆக்சைடில் ஏற ஆரம்பித்துவிடும். காட்மியத்துக்கு 6-ஐத் தாண்ட வேண்டும். அந்த ஏற்றமும் மெதுவாக நடப்பதில்லை. பி.எச். ஒன்று, இரண்டு கூடுவதற்குள் கரைசலில் இருந்த உலோகம் ஏறக்குறைய முழுவதும் மண்ணுக்குப் போய்விடும். அதே தூரம் இறங்கினால் திரும்பி வந்துவிடும். ஆண்டாண்டாக அம்மோனியம் சல்பேட்டைப் போட்டு நிலத்தைப் புளிக்க வைக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. திருநெல்வேலி வண்ணார்பேட்டைச் சாலையோரத்தில் அதற்கு முன்பு புகையாக விழுந்த ஈயம் எங்கே போயிருக்கும்? பெரும்பாலும் விழுந்த இடத்தில் மேல் சில அங்குலத்திலேயே இருக்கும். ஈயத்தின் குணம் அது. கிணற்றுக்குப் போகாது, ஆனால் தூசியாகக் குழந்தையின் கைக்குப் போகும்.

தேரியைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. இவ்வளவு சிவப்பு என்றால் எவ்வளவு இரும்பு, இரும்பு இருந்தால் உலோகத்தை நன்றாகப் பிடிக்குமே என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒரு கைப்பிடித் தேரி மணலைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, வீரியமான ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, லேசாகச் சூடாக்குங்கள். அமிலம் மஞ்சளாகும், பிறகு பழுப்பு கலந்த மஞ்சள். வடித்துக் கழுவிப் பார்த்தால் குடுவையின் அடியில் கிடப்பது சீனி நிறத்துக் குவார்ட்ஸ் மணல், நடுவே நடுவே கருப்பாக இல்மனைட். தேரியின் சிவப்பெல்லாம் மணலின் மேல் பூசிய மெல்லிய ஹெமடைட் தோல். ஒரு சதவீத இரும்பு போதும், மண் குன்றையே சிவக்க வைக்க. களி சொற்பம், மக்கும் சொற்பம். அந்தத் தோல் பிடிக்கிற ஈயம் கொஞ்சம் உண்டு. காட்மியமும் துத்தநாகமும் மழையோடு கீழே போய்விடும். நிறத்தைப் பார்த்து மண்ணை எடைபோடக் கூடாது.

இதுவரை சொன்னது நேர்மின்சுமை உலோகங்களுக்கு. குரோமியம் கணக்கைப் புரட்டிப் போடும். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச் சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். தண்ணீரில் அது குரோமேட் என்ற எதிர்மின்சுமை அயனியாக ஓடும். கரிசல் களி அதை விரட்டும். புளிப்பான செவல் மண்ணின் இரும்பு ஆக்சைடு, நேர்மின்சுமையோடு இருப்பதால், அதைப் பிடிக்கும். ஆனால் அந்தக் கழிவோ சுண்ணாம்பு கலந்த காரக் கழிவு. காரம் ஏற ஏற இரும்பின் நேர்மின்சுமை போய்விடும், பிடியும் போய்விடும். அங்கே நிலத்தடி நீர் மஞ்சளானதில் வியப்பில்லை. குரோமேட்டுக்கு மருந்து மக்கிய சாணமும் இரும்பும். அவை அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கி அசையாமல் செய்துவிடும். ஈயத்துக்கு நல்லது செய்கிற சுண்ணாம்பு குரோமேட்டுக்குக் கெடுதல் செய்யும்.

கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தைப் பிடித்திருப்பதோ இரும்பு அல்ல, குளிர்மலை மண்ணின் மக்கில் உள்ள கந்தகம். அங்கே ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் எண்ணைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம், பிடியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

இப்போது நம் வயலுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் நெல் வயல் வருடத்துக்கு இரண்டு முறை கலைத்துப் போடுகிறது.

அறுப்பு முடிந்து ஈரம் இருக்கும்போது மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் வெட்டி, ஒரு கட்டியைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். மண் சாம்பல் நிறத்தில், சில இடத்தில் நீலம் பாய்ந்திருக்கும். அதன் நடுவே ஊசி கனத்தில் துருச்சிவப்புக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடும். விரலால் நெருடினால் அது குழல். நெல்வேர் போன தடம். தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குள் காற்று போகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டையும், பிறகு மாங்கனீசு ஆக்சைடையும், பிறகு இரும்பு ஆக்சைடையும், அதன் பிறகு சல்பேட்டையும் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்கின்றன. சிவப்பு இரும்பு கரைந்துபோய் மண் சாம்பலாகிறது. நெல் மட்டும் தண்டின் உள் துளைகள் வழியாக வேருக்குக் காற்றைக் கொண்டுபோகிறது. வேரைச் சுற்றிக் கொஞ்சம் கசிகிறது. கரைந்த இரும்பு அங்கே வந்ததும் மறுபடி துருவாகப் படிந்துவிடுகிறது. அந்தக் குழல் அதுதான்.

இந்த வேதியியலை ஒழுங்குபடுத்திச் சொன்னவர் இலங்கைக்காரர், பெலிக்ஸ் பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1972-ல் வந்த அவருடைய நீண்ட கட்டுரை இன்றைக்கும் இந்தத் துறையில் முதலில் படிக்க வேண்டியது. தண்ணீர் கட்டிய சில வாரங்களில், புளித்த மண்ணானாலும் கார மண்ணானாலும் பி.எச். ஏறக்குறைய 7-க்கு வந்துவிடும் என்று அவர் காட்டினார்.

இதில் உலோகத்தின் கதி என்ன? ஈயத்தையும் ஆர்செனிக்கையும் பிடித்திருந்த இரும்பு ஆக்சைடே கரைந்துவிட்டதே! ஆர்செனிக் உலோகமா என்று வேதியியல் மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். நஞ்சு விஷயத்தில் அதையும் இந்தப் பந்தியில்தான் உட்கார வைக்கிறோம். இரும்பு கரைந்ததும் ஆர்செனிக் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. வங்காளத்தின் நெல்லில் ஆர்செனிக் ஏறுவதற்கு இதுவே வழி. காட்மியம் நேர்மாறு. சல்பேட் சல்பைடாக மாறும் அந்தக் கட்டத்தில் காட்மியம் கரையாத காட்மியம் சல்பைடாக அடங்கிவிடும். சேற்றில் கால் வைத்தால் வரும் கெட்ட வாடை, சல்பேட்டிலிருந்து உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடின் வாடைதான். தண்ணீரை வடித்துவிட்டால் காற்று புகும், இரும்பு துருப்பிடித்து ஆர்செனிக்கைத் திரும்பப் பிடிக்கும். சல்பைடு சிதைந்து காட்மியம் வெளியே வரும். நெல்லுக்குப் பால் பிடிக்கும் சமயத்தில் இது நடந்தால் காட்மியம் நேரே மணிக்குப் போகும்.

ஜப்பானில் டொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் நடந்தது இதுதான். மேலே கமியோக்காவில் துத்தநாகச் சுரங்கம். அதன் கழிவு ஆற்றோடு வயலுக்கு வந்தது. எலும்பு மெலிந்து முறிந்து, வலி தாங்காமல் கதறிய பெண்களின் நோய்க்கு ஊர்க்காரர்கள் "வலிக்குது வலிக்குது" என்றே பெயர் வைத்தார்கள். 1968-ல் அரசு அதைத் தொழிற்சாலை மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. 860 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயலை மண் மாற்றி, மூடி, சரிசெய்யும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. மண் மாற்றாத மற்ற இடங்களில் ஜப்பானியர் கையாளும் உபாயம் எளிது: கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும்.

நம் தாமிரபரணி வயலில் காட்மியம் குவிந்து கிடக்கிறது என்று பயமுறுத்த வரவில்லை. நமக்கு மேலே துத்தநாகச் சுரங்கம் ஏதும் இல்லை. ஆனால் மணிச்சத்து உரத்துக்கு மூலமான பாஸ்பேட் பாறையில் காட்மியம் உண்டு, கடற்படிவப் பாறையில் அதிகம், எரிமலைக் குழம்புப் பாறையில் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் மணிச்சத்து ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று உரத்துக்கு வரம்பு கட்டியிருக்கிறது. நம் வயலில் டி.ஏ.பி. தலைமுறை தலைமுறையாக விழுகிறது. அதோடு இன்று நெல்லுக்குத் தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டச் சொல்கிறோம். நல்ல முறை: தண்ணீர் மிச்சம், மீத்தேன் குறைவு, ஆர்செனிக்கும் குறைவு. காட்மியத்துக்கு மட்டும் அது கதவைத் திறந்துவிடுகிறது. பிசானப் பருவத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் நிறைந்தே நிற்கும். கார் பருவத்தில் அணை நீரை முறை வைத்து விடும்போது வயல் காய்ந்து காய்ந்து நனையும். ஒரே வயல், ஒரே உரம். இரண்டு பருவத்து அரிசியும் உலோகக் கணக்கில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சர்வதேச உணவுத் தர அமைப்பு தீட்டிய அரிசிக்குக் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், கனிம ஆர்செனிக் 0.2 என்று வைத்திருக்கிறது. சோதிக்கிறவர்கள் எந்தப் பருவத்து நெல் என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் அந்தச் சோதனை வீண். என்னைக் கேட்டால் பயிர் சூல் பிடிக்கிறவரை காய்ச்சலும் பாய்ச்சலும், அதிலிருந்து நிறைநீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. மண் பிடித்துக்கொண்டது என்றால் உலோகம் நகராது என்று அர்த்தமில்லை. மண் நகர்ந்தால் அதுவும் நகரும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; ஆறு கரை தாண்டி வயல்களில் வண்டலைப் பரப்பிவிட்டுப் போனது. அந்த வண்டலின் மெல்லிய களியில்தான் உலோகம் ஏறி வரும், மணலில் அல்ல. மீதி புன்னைக்காயல் முகத்துவாரத்துக்குப் போகும். உப்புத் தண்ணீர் பட்டதும் களி திரண்டு அடியில் படியும். அதோடு ஈயமும் படியும். காட்மியம் மட்டும் உப்பின் குளோரைடோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு களியை விட்டு இறங்கிவிடும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தார் அந்த முகத்துவாரப் படிவுகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம் என்பதற்கு ஆற்று மணலே சாட்சி. காகிதத்தில் மணலைப் பரப்பி அடியில் காந்தத்தை ஓட்டினால் கருந்துகள் கூடவே ஓடும். மேக்னடைட். அதன் படிகத்துக்குள் குரோமியம், வனேடியம் எல்லாம் சிறையிருக்கும். முழு மண்ணையும் வீரிய அமிலத்தில் கரைத்து அளந்தால் குரோமியம் பயங்கரமாகத் தெரியும். பயிருக்கு அதில் அணுவும் கிடைக்காது. இதைப் பிரித்தறிய டெஸ்ஸியர் குழுவினர் 1979-ல் ஐந்து படி முறை கொடுத்தார்கள். முதலில் உப்புக் கரைசல், அடுத்து மென்அமிலம், பிறகு இரும்பைக் கரைக்கும் கரைசல், பிறகு மக்கை எரிக்கும் கரைசல், மிஞ்சுவதற்கு வீரிய அமிலம். எந்தப் படியில் எவ்வளவு வெளிவருகிறது என்பதில் பிடியின் இறுக்கம் தெரியும். முறையில் குறைகள் உண்டு; ஒரு படியில் வெளிவந்தது அடுத்ததில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஒற்றை எண்ணைவிட மேல். அவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு டி.டி.பி.ஏ. சோதனை இருக்கிறது, நம் ஆய்வுக்கூடங்களில் துத்தநாகத்துக்கு வழக்கமாகச் செய்வதுதான். அதே கரைசலில் ஈயத்தையும் காட்மியத்தையும் அளக்கலாம், கருவி இருந்தால் போதும்.

இதை நான் வற்புறுத்துவதற்கு உடனடிக் காரணம் கரம்பை. குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள 2017-லிருந்து அரசு அனுமதி தருகிறது. மானூர்ப் பக்கத்துக் குளத்துக் கரம்பை என்றால் தாராளமாக அள்ளுங்கள். நயினார்குளம், வேய்ந்தான்குளம் மாதிரி ஊருக்குள் மாட்டிக்கொண்ட குளமென்றால், சாலைத் தூசியும் பட்டறைக் கழிவும் சாக்கடையும் பல வருடமாக அதில் இறங்கியிருக்கின்றன. குளத்து அடியில் காற்றில்லாமல் சல்பைடாக அடங்கிக் கிடந்த உலோகம், லாரியில் ஏறி வெயிலில் உலர்ந்த நாளிலிருந்து வேறு உலோகம். மேல் அரையடியைத் தனியாகவும் அதற்குக் கீழே தனியாகவும் எடுத்து, வாளியில் ஈரத்தோடு இருக்கும்போது ஒரு முறை, நிழலில் இரண்டு வாரம் உலர்த்திய பிறகு ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிட எகிறியிருந்தால் அந்தக் கரம்பையைக் கீரைக்கும் கிழங்குக்கும் போடாதீர்கள். சுக்கான் கலந்த கரிசலில் பருத்திக்குப் போட்டால் அங்குள்ள சுண்ணாம்பு பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். தேரி ஓரத்தில் முருங்கை வைத்திருக்கிறவர் அதைத் தொடவே வேண்டாம். அந்த மணலுக்கும் அடியில் இருக்கும் கிணற்றுக்கும் நடுவே பிடித்து நிறுத்தப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மண் கொண்டுவந்தவர்கள் எந்த வயல், எந்தப் பருவம், கடைசியாகத் தண்ணீர் கட்டி எத்தனை நாள் என்பதைப் பையின் மேல் எழுதிக் கொடுங்கள்.